பதினாலாம் குழிச் சிவப்பு

அக்கா: …நூத்திப் பதினேழு. எல்லாம் சிவப்பு. எண்ணி எண்ணி என் கண்ணும் அதே கலருக்கு வந்துடுச்சு.

தம்பி: கொஞ்ச நேரம் கண்ண மூடிப் படுத்து எந்திரிக்கா. போயிடும்.

அக்கா: மண்ணுல இருக்கிற இழை, நான் கண்ண மூடினா போயிடுமாடா?

தம்பி: உன் கண்ணுல இருக்கிறதச் சொன்னேன்.

அக்கா: கதவச் சாத்து. ரெண்டு பேரும் உக்காருங்க. நீயும்தாம்மா மண்வெட்டி.

மண்வெட்டி: நான் நிக்கிறேன்க்கா. மண்வெட்டின்னு பட்டப்பேர் வச்சாச்சு, குழில நின்னு நின்னு பழகிடுச்சு.

அக்கா: உக்காரு. மணி ரெண்டரை. மூணு மணிக்கு டைரக்டர் இந்த லேபுக்குள்ள வந்து கை நீட்டுவார். அவர் கைல நான் எதக் குடுக்கிறது?

தம்பி: டீ குடு.

அக்கா: வாய மூடு. உங்கள மலைக்கு அனுப்பினது எதுக்கு?

தம்பி: வாய மூடிக்கிட்டு எப்படிச் சொல்றது?

மண்வெட்டி: மண்ணுல பிளாஸ்டிக் இழை இருக்கான்னு பாக்கக்கா. ஆள் நடமாட்டமே இல்லாத இடத்துல.

அக்கா: ஆள் நடமாட்டமே இல்லாத இடம். இருபத்திநாலு குழி. ஒண்ணுலேர்ந்து பதிமூணு வரைக்கும் குழிக்கு ஒரு இழை, ரெண்டு இழை. அஞ்சாம் குழில ஒண்ணுகூட இல்ல. பதினாலாம் குழில நூத்திப் பதினேழு. அங்க என்ன, திருவிழாவா நடந்துச்சு?

தம்பி: பதினாலாம் குழி கொஞ்சம்… பெரிய குழிக்கா.

அக்கா: எல்லாம் ஒரே அளவு. அளந்து வெட்டினது நீதான்.

தம்பி: அப்ப சிவப்பு மண்ணா இருக்கும்.

அக்கா: டேய், நான் பதினஞ்சு வருஷமா இந்த மைக்ரோஸ்கோப்புல உக்காந்திருக்கேன். மண்ணுக்கும் நூலுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? இதோ, குனிஞ்சு பாரு. இது மட்டும் இல்ல. ஓரத்துல பளபளன்னு ஒண்ணு மின்னுது பாரு.

தம்பி: …தங்கம்.

அக்கா: தங்கம்னா உங்கள எதுக்குடா கூப்பிடுறேன்? சத்தம் போடாம நானே மலையேறியிருப்பேன். ஜரிகை அது. பிளாஸ்டிக் தாள்ல பூசின ஜரிகை. மண்வெட்டி, நீ ஏன் குனியவே இல்ல?

மண்வெட்டி: எனக்கு… இங்கேருந்தே தெரியுதுக்கா.

அக்கா: மைக்ரோஸ்கோப்புல தெரியறது உனக்கு மூணடி தள்ளி நின்னே தெரியுதா?

தம்பி: கூர்மையான கண்ணுக்கா அவளுக்கு.

அக்கா: சரி. இன்னொண்ணு கேளுங்க. ஒவ்வொரு குழிக்குப் பக்கத்துலயும் ஒரு வெறுந்தட்டு திறந்து வைக்கச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா? ஈரக் காகிதம் போட்ட தட்டு.

மண்வெட்டி: நம்ம மேலேருந்து ஏதாவது உதிர்ந்தா அதுல விழும்னு சொன்னீங்க.

அக்கா: விழுந்திருக்கு. அதே சிவப்பு, அதே ஜரிகை. ஆக, இது மண்ணோடது இல்ல. உங்களோடது.

தம்பி: அப்பாடா. அப்ப மலை சுத்தம். பிரச்சினை முடிஞ்சது. வாங்க டீ குடிக்கலாம்.

அக்கா: உக்காருடா. இப்பத்தான் பிரச்சினையே ஆரம்பிக்குது. எந்தத் துணிலேர்ந்து உதிர்ந்ததுன்னு காட்டினா, அத்தனையும் கழிச்சிடலாம். காட்டலன்னா இந்தச் சிவப்பு விழுந்த குழி எதுவும் செல்லாது. பதினாலுலேர்ந்து இருபத்திநாலு வரைக்கும், பதினோரு குழி. அத்தனையும் குப்பைல போகும்.

மண்வெட்டி: பதினோரு குழியுமா…

அக்கா: மழை பிடிச்சாச்சு. இனிமே அடுத்த வருஷம்தான் மலையேற முடியும். உன் வேலை இந்த மாசத்தோட முடியுது. இந்த ரிப்போர்ட் போனாத்தான் நீட்டிப்பாங்க. அது உனக்கே தெரியும்.

மண்வெட்டி: தெரியும்க்கா.

அக்கா: அப்ப துணிய யாராவது ஒத்துக்கங்க. நான் அடிக்கப் போறதில்ல.

தம்பி: டிரைவரக் கேட்டியா?

அக்கா: துணி நோட்டு இருக்கே, டிரைவர எதுக்குக் கேக்கணும்? பதினாலாம் குழி அன்னிக்கு யார் என்ன போட்டிருந்தீங்கன்னு அவங்கவங்க எழுதினது. டிரைவர் எழுதியிருக்கார்: பருத்திச் சட்டை, பருத்தி பேன்ட், சாக்ஸ் போடல, கால் வெடிப்பு.

தம்பி: பாவம், நேர்மையான மனுஷன்.

அக்கா: நீ எழுதியிருக்க: பருத்தி, பருத்தி, பருத்தி, பருத்தி.

தம்பி: உள்ள போட்டது வரைக்கும் எழுதணும்னு ரூல் போட்டது நீதானே. என் ஜட்டிக்குக் கீழ டைரக்டர் கையெழுத்து வேற போட்டிருக்கார்.

அக்கா: மண்வெட்டி எழுதியிருக்கிறது… "வழக்கம் போல". அவ்வளவுதான். பக்கத்துல ஒரு பூ வேற வரஞ்சிருக்கு.

மண்வெட்டி: பேனா எழுதுதான்னு பாத்தேன்க்கா.

அக்கா: அஞ்சு இதழ், ஒரு காம்பு, ரெண்டு இலை. நல்லாத்தான் எழுதுது பேனா. அடுத்தது, வேலை ஆரம்பிச்ச நேரம். மத்த நாளெல்லாம் காலைல எட்டு மணி. அன்னிக்குப் பன்னெண்டு. ஏன் லேட்டு?

தம்பி: டயர் பஞ்சர்.

மண்வெட்டி: மரம் விழுந்துடுச்சு.

தம்பி: மரம் விழுந்து… அதுல ஏறி… பஞ்சர்.

அக்கா: டிரைவர் மாடு குறுக்க வந்துச்சுன்னு சொன்னார்.

தம்பி: ஆமா, மாடும் வந்துச்சு.

அக்கா: மரத்து மேலேருந்து மாடு விழுந்து டயர் பஞ்சராயிடுச்சு. அப்படித்தானே?

மண்வெட்டி: அக்கா, சிரிக்க வைக்காதீங்க…

அக்கா: நான் ட்ரெயினிங்னு ஒரு வாரம் வெளியூர் போனா, ஊருல மாடெல்லாம் மரம் ஏறுது. சரி, இது என்னன்னு பாருங்க. காலைல நீங்க வர்றதுக்கு முன்னாடி, ஆணில மாட்டியிருந்த உங்க ரெண்டு கோட்டுலயும் செலோ டேப்ப ஒட்டி எடுத்தேன். இது உன் கோட்டுடா. இடது தோள்பட்டை.

தம்பி: என்ன அதுல?

அக்கா: சிவப்பு. முப்பத்தியெட்டு இழை. வலது தோள்ல ஒண்ணுகூட இல்ல.

தம்பி: காத்துல பறந்து வந்திருக்கும்க்கா. மலைல காத்து ஜாஸ்தி.

அக்கா: காத்து ரொம்ப நேரமா இடது தோள்ல தலசாஞ்சிருந்துச்சு போல.

மண்வெட்டி: நான் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்…

அக்கா: உக்காரு. தண்ணி இங்கயே இருக்கு. குடி. மெதுவா. பொறையேறிடப் போகுது.

தம்பி: நான்தான்க்கா. ஒத்துக்கிறேன். என் பனியன்.

அக்கா: என்ன கலர்?

தம்பி: சிவப்பு.

அக்கா: ஜரிகை வச்ச பனியனா?

தம்பி: …புது மாடல்.

அக்கா: அஞ்சு வயசுல ஜரிகை சொக்கா குத்துதுன்னு ஊரக் கூட்டி அழுதவன் நீ. அரை அம்மணமா போட்டோவுல நிக்கிற. இன்னும் வீட்ல மாட்டியிருக்கேன் அத.

மண்வெட்டி: அந்தப் போட்டோ பாத்தேன்க்கா.

அக்கா: எங்க பாத்த?

மண்வெட்டி: …சொன்னாங்க. கேள்விப்பட்டேன்.

அக்கா: சரி, நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்க மாட்டீங்க. இதோ இங்க, உங்க நடுவுல, பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?

தம்பி: தட்டு.

அக்கா: வெறுந்தட்டு. நீங்க உள்ள வந்ததுலேர்ந்து திறந்துதான் இருக்கு. இப்ப மைக்ரோஸ்கோப்புல வைக்கிறேன்… ஒண்ணு. ரெண்டு. அடடா, மூணு. ஜரிகை ஒண்ணு. மண்வெட்டி.

மண்வெட்டி: அக்கா…

அக்கா: இந்த வேக்காட்டுல எதுக்கு உனக்குக் கழுத்து வரைக்கும் பட்டன்?

தம்பி: அவளுக்குக் குளிரு.

அக்கா: உனக்கு ஏன்டா வேர்க்குது?

மண்வெட்டி: போதும். நான் சொல்லிடுறேன். ஸ்கார்ப்தான்க்கா. சிவப்பு. கோட்டுக்கு உள்ள, கழுத்துல. பதினாலாம் குழிலேர்ந்து தினமும் போட்டிருந்தேன். இப்பவும் போட்டிருக்கேன். ஆனா நான் ரூல மீறல. அது பட்டு.

அக்கா: பட்டா?

மண்வெட்டி: அசல் பட்டு. புழு குடுத்தது, பிளாஸ்டிக் இல்லயே. அந்தத் தைரியத்துலதான் போட்டேன். அதனால இது வேற ஏதோ சிவப்பு. நிஜமாவே மலைல இருந்திருக்கும்.

அக்கா: பட்டுன்னா இழை ஒரு இடம் தடிச்சு ஒரு இடம் மெலிஞ்சு வரும். இது கம்பி மாதிரி ஒரே சீரா இருக்கு. சரி, பேசிப் பிரயோஜனம் இல்ல. கழட்டிக் குடு.

தம்பி: வேண்டாம்.

அக்கா: ஏன்?

தம்பி: முழுசும் எதுக்கு? ஒரு நூல் போதும்ல? மண்வெட்டி, உள்ள கைய விட்டு ஒரே ஒரு நூல் உருவு. கோட்டத் திறக்காத. குளிரு.

அக்கா: இவன் எதுக்கு இந்தப் பதறு பதறுறான்?

மண்வெட்டி: இந்தாங்கக்கா, நூல்.

அக்கா: அந்த ஸ்பிரிட் விளக்கப் பத்தவை. இடுக்கியக் குடு. பட்டுன்னா என்ன ஆகும்?

மண்வெட்டி: முடி கருகுற நாத்தம் வரும். நசுக்கினா சாம்பலா உதிரும்.

அக்கா: பாப்போம்… இதோ.

தம்பி: சுருளுது.

மண்வெட்டி: உருகுதே…

அக்கா: மோந்து பாரு.

மண்வெட்டி: பிளாஸ்டிக் பக்கெட்டு கருகுற நாத்தம்.

அக்கா: நுனில கறுப்பா ஒரு உருண்டை. ஆறிடுச்சு. நசுக்கு.

மண்வெட்டி: நசுங்கல. கல்லு மாதிரி இருக்கு. டேய் மண்புழு, பட்டுன்னு சொல்லித்தானே கழுத்துல போட்ட?

தம்பி: பட்டுதான். எனக்குத் தெரிஞ்சு பட்டுதான். சத்தியமா.

மண்வெட்டி: கோட்டுக்கு உள்ள போட்டா தப்பில்லன்னு சொன்னது யாரு? இத நம்பி பதினோரு குழி வெட்டியிருக்கேன். என் வேலையே போயிருக்கும். பாருங்கண்ணி இவர—

அக்கா: என்ன சொன்ன?

மண்வெட்டி: பாருங்கக்கான்னு…

அக்கா: இல்ல. கடைசில 'கா' வரல. 'ணி' வந்துச்சு.

மண்வெட்டி: சளி பிடிச்சிருக்குக்கா.

அக்கா: சளி பிடிச்சா அக்கா அண்ணியாவாளா? அதுவும் போகட்டும். ஒரு நிமிஷம் முன்னாடி மண்புழு, டேய். அடுத்த மூச்சுல 'இவர'. மண்புழுவுக்கு எப்பலேர்ந்து மரியாதை?

தம்பி: அக்கா, டைரக்டர் வர்ற நேரம்…

அக்கா: டைரக்டர் நிப்பார். எப்ப?

தம்பி: மூணு மணிக்கு.

அக்கா: டேய்.

தம்பி: …பதினாலாம் குழி அன்னிக்கு. காலைல பத்தேகாலுக்கு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல.

அக்கா: சாட்சி?

தம்பி: டிரைவர். அப்புறம் வாசல்ல ஜெராக்ஸ் எடுக்கிறவர். அப்புறம் இன்னொரு ஜோடியோட மாமனார், சும்மாதான் உக்காந்திருந்தார்.

அக்கா: முன்ன பின்ன தெரியாத மாமனார் வந்து கையெழுத்துப் போட்டிருக்கார். கூடப் பொறந்தவ நான் இல்ல.

மண்வெட்டி: அண்ணி, நான் வேண்டாம்னுதான்…

அக்கா: நீ இரும்மா. இவன் சொல்லட்டும்.

தம்பி: சொல்லலாம்னு மூணு தடவ வந்தேன்க்கா. மூணு தடவயும் நான் வாயத் திறக்கிறதுக்குள்ள நீ ஒரு பொண்ணு போட்டோவ நீட்டின.

அக்கா: நல்ல பொண்ணுங்கடா அதெல்லாம்.

தம்பி: நாலாவது தடவ சொல்லியே தீர்றதுன்னு வந்தேன். நீ பெட்டி கட்டிக்கிட்டிருந்த. ட்ரெயினிங்குன்ன. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கேட்டுப் பாத்தேன், அந்த நாள விட்டா ரெண்டு மாசம் கழிச்சுத்தான்னுட்டாங்க. உனக்குப் போன் பண்ணப் பயமா இருந்துச்சு.

அக்கா: எனக்குக் கஷ்டமா இருக்குடா. வேற ஒண்ணும் இல்ல. உன் கல்யாணத்துல என்ன பேசணும்னு பத்து வருஷமா யோசிச்சு வச்சிருந்தேன்.

தம்பி: நீ இல்லாம எனக்கு அங்க நிக்கவே பிடிக்கலக்கா. பேனாவ வாங்கிட்டு அப்படியே நின்னுட்டேன்.

மண்வெட்டி: அழுதுட்டார். ஆபீசர் பயந்துபோய், "கட்டாயக் கல்யாணமா தம்பி?"ன்னு கேட்டார்.

தம்பி: கண்ல மண்ணு விழுந்துடுச்சு.

அக்கா: ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எங்கேர்ந்துடா மண்ணு? சிரிக்காதீங்க. நான் கோவமா இருக்கேன். ரெண்டு பேரும் சிரிக்காதீங்கன்னு சொல்றேன்ல…

மண்வெட்டி: நீங்கதான் முதல்ல சிரிச்சீங்க அண்ணி.

அக்கா: சரி, அந்த ஸ்கார்பக் கழட்டு. போட்டோ எடுத்து ரிப்போர்ட்ல வைக்கணும். துணியக் காட்டாமக் கழிக்க முடியாது.

தம்பி: நூல் போதும்னு…

அக்கா: கழட்டும்மா.

மண்வெட்டி: இந்தாங்க.

மண்வெட்டி: என்னாச்சு? ஏன் ரெண்டு பேரும் அதையே பாக்குறீங்க?

அக்கா: நீயே சொல்லுடா. இது யாரோடது?

தம்பி: உன்னோடது. உன் அலமாரில மேல் தட்டுலேர்ந்து எடுத்தேன்.

மண்வெட்டி: எனக்கு வாங்கினதுன்னு சொன்ன?

தம்பி: அவசரத்துல உனக்கு ஒண்ணுமே வாங்கலங்கிறது அன்னிக்குக் காலைலதான் உறைச்சுது. ஆனா அதுக்காக மட்டும் எடுக்கல. நீ வரலன்னா, உன் துணியாவது அங்க நிக்கட்டும்னு நினைச்சேன்க்கா. மாமா உன் கல்யாணத்தன்னிக்கு உனக்குப் போத்தினது. நாலு ஊர் அலைஞ்சு வாங்கின அசல் பட்டுன்னு நீ வாய் ஓயாமச் சொல்லுவியே. நல்லது நடக்கிற இடத்துல அது இருக்கட்டும்னுதான்.

மண்வெட்டி: அசல் பட்டு…

தம்பி: …அய்யோ.

மண்வெட்டி: இப்ப நம்ம கொளுத்தினது அண்ணியோட பட்டா?

தம்பி: அது… அந்த விளக்கு சரியில்ல.

மண்வெட்டி: ஆமா, ஆமா. தீ ரொம்பப் பெருசு. இந்தத் தீல பருத்திகூட உருகும்.

தம்பி: எனக்கு முடி கருகுற நாத்தமும் வந்துச்சு. உனக்கு வரல?

மண்வெட்டி: வந்துச்சே. முதல்ல முடி, அப்புறம்தான் பக்கெட்டு.

தம்பி: கடைக்காரன் மாமாவ ஏமாத்தியிருப்பான். மாமாவுக்கு என்ன தெரியும், பாவம். அக்கா, மாமா மேல கோவப்படாத.

மண்வெட்டி: ஒரு நூல்தானே பாத்தோம் அண்ணி. மிச்சமெல்லாம் பட்டா இருக்கும்.

அக்கா: பேசி முடிச்சீங்களா? மண்வெட்டி, அந்தக் குஞ்சத்தப் பாரு. இந்தப் பக்கம், மூலைல கடைசிக் குஞ்சம். நுனியத் தடவு.

மண்வெட்டி: ஏதோ இருக்கு. சின்னதா, உருண்டையா… கறுப்பா. கல்லு மாதிரி. அண்ணி, இது இப்ப கொளுத்தினது இல்லயே?

அக்கா: பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி கொளுத்தினது. கல்யாணத்துக்கு மறுநாள், உங்க மாமா குளிக்கப் போயிருந்தப்ப. இழை எண்ணுற கை சும்மா இருக்குமா? அவர் தலையத் துவட்டிட்டு வந்து "பட்டு எப்படி"ன்னு அந்த முகத்தோட கேட்டார். பிரமாதம்னேன். அன்னிலேர்ந்து நிழல்ல காயப்போட்டு, ஷாம்புல அலசி, பட்டு பட்டுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன். காலைல முதல் இழையப் பாத்தப்பவே இது எதுன்னு எனக்குத் தெரியும். நீங்க உங்க வாயால சொல்றீங்களான்னுதான் தட்டு வச்சுப் பாத்தேன். சரி, கண்ணத் தொடச்சுக்கோ, கழுத்துல திருப்பிப் போட்டுக்கோ, அது இனி உன்னோடது. நோட்ட எடுத்து எழுது, டைரக்டர் மாடியேறுற சத்தம் கேக்குது. ரிப்போர்ட்ல பாலியெஸ்டர். உங்க மாமா முன்னாடி பட்டு.